ஊரே ஊசி போட்டிருக்கையில் என் பிள்ளைக்கும் எதற்கு?

ஒன்பது மாதக் குழந்தையின் தந்தை ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது: “தட்டம்மையை இந்தக் காலத்தில் யாரும் பார்த்ததே இல்லை. அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் எல்லோருக்கும் ஊசி போட்டாயிற்று. அப்படியிருக்க, என் மகளுக்கு மட்டும் போடாமல் விட்டால் யாருக்கு என்ன நட்டம்? ஊசி நன்றாக வேலை செய்கிறது என்றால், போட்டுக்கொண்டவர்கள் ஏன் பயப்பட வேண்டும்?” அவர் இதைச் சண்டைக்காகக் கேட்கவில்லை. மூன்றரை மாதத்தில் போட்ட ஊசிக்கு மகளுக்கு இரண்டு நாள் காய்ச்சல் அடித்திருக்கிறது; ஊசி போட்ட குழந்தை இறந்துபோனதாக உறவினர் ஒருவர் வாட்ஸப்பில் செய்தி அனுப்பியிருக்கிறார். பிள்ளையைப் பெற்றவருக்கு வரக்கூடிய அச்சம்தான் அது என்பதால், குறுக்கு வழியில் முடிக்காமல் விரிவாகவே பதில் சொல்கிறேன்.

நம் வீடுகளில் மணல்வாரி என்று சொல்லப்படும் தட்டம்மை, மனிதர்களைப் பற்றும் நோய்களில் மிக வேகமாகப் பரவுவனவற்றுள் ஒன்று. நோயாளியின் இருமலிலும் தும்மலிலும் மூச்சிலும் வெளியேறும் வைரஸ், அவர் எழுந்து போன பிறகும் இரண்டு மணி நேரம் வரை அந்த அறையின் காற்றில் தங்கியிருக்கும். எதிர்ப்பாற்றல் இல்லாத பத்துப் பேர் அவரோடு நெருங்கிப் பழகினால் அவர்களில் ஒன்பது பேருக்குத் தொற்றும். அதைவிடச் சிக்கலானது, உடலில் தடிப்பு தோன்றுவதற்கு நான்கு நாட்கள் முன்பே அவர் நோயைப் பரப்பத் தொடங்கிவிடுகிறார் என்பது. அந்த நாட்களில் அது வெறும் காய்ச்சல், மூக்கொழுகல், கண் சிவப்பு, இருமல். பார்ப்பவர்களுக்குச் சாதாரணச் சளிக்காய்ச்சலாகவே தெரியும்.

குழந்தை மருத்துவர் ஒருவரின் காத்திருப்பு அறையை எண்ணிப் பாருங்கள். காலை பத்து மணிக்கு இருமலோடு வந்த நான்கு வயதுச் சிறுவன் தாத்தாவின் மடியில் அமர்ந்திருந்து, மருந்துச்சீட்டு வாங்கிக்கொண்டு பத்தரைக்குப் போய்விடுகிறான். பதினொன்றரைக்கு, வயிற்றுப்போக்கு என்று ஆறு மாதக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒரு தாய் அதே நாற்காலியில் வந்து உட்காருகிறாள். அவனும் அவளும் ஒருவரையொருவர் பார்க்கவே இல்லை. ஜன்னல்களை அடைத்துக் குளிரூட்டிய அறையாக இருந்தால், குழந்தைக்கு நோய் தொற்ற அதுவே போதும். பத்துப் பன்னிரண்டு நாட்கள் கழித்துக் காய்ச்சல் தொடங்கும்போது, அது எங்கிருந்து வந்தது என்று யாராலும் அவளுக்குச் சொல்ல முடியாது.

அந்தத் தாய் தடுப்பூசியை மறுத்தவள் அல்லள். குழந்தைக்கு இன்னும் வயது வரவில்லை. நம் தேசிய அட்டவணைப்படி, தட்டம்மைக்கும் ரூபெல்லா என்ற இன்னொரு வைரஸ் நோய்க்கும் சேர்த்துப் போடும் தட்டம்மை-ரூபெல்லா ஊசியின் முதல் தவணை ஒன்பது மாதம் நிறைந்த பிறகுதான் போடப்படுகிறது. கருவிலிருக்கும்போது தாயிடமிருந்து வந்த எதிர்ப்பொருள்கள் அதற்கு முன் போடும் ஊசியின் பலனைக் குறைத்துவிடும்; ஆனால் அதே எதிர்ப்பொருள்கள் நோயைத் தடுக்கும் அளவுக்கு ஒன்பது மாதமும் நிலைத்து நிற்பதும் இல்லை. இடைப்பட்ட அந்த மாதங்களில் குழந்தையைச் சுற்றியிருப்பவர்களுக்கு நோய் வராமல் இருப்பது ஒன்றே அதற்குக் காப்பு. இரத்தப் புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொண்டிருக்கும் பிள்ளை, உறுப்பு மாற்று அறுவை செய்துகொண்டவர், கருவுற்றிருக்கும் பெண் ஆகியோரின் நிலையும் இதுவே. தட்டம்மை ஊசியில் வீரியம் குறைக்கப்பட்ட உயிருள்ள வைரஸ் இருப்பதால், அவர்கள் விரும்பினாலும் அதைப் போட முடியாது. “யாருக்கு நட்டம்” என்ற கேள்விக்கு முதல் விடை இவர்கள்தான்.

இனி கணக்குக்கு வருவோம். யாருக்குமே எதிர்ப்பாற்றல் இல்லாத ஊரில் ஒரு தட்டம்மை நோயாளி சராசரியாக 12 முதல் 18 பேருக்கு நோயைக் கொடுப்பார். வசதிக்காக 15 என்று வைத்துக்கொண்டால், அந்தப் பதினைந்து பேரில் பதினான்கு பேருக்கு ஏற்கெனவே எதிர்ப்பாற்றல் இருக்கும்போதுதான் ஒருவரிடமிருந்து ஒருவருக்கு மேல் போகாமல் தொற்று தேங்கி, மெல்ல அணைந்துபோகும். பதினைந்தில் பதினான்கு என்பது 93 விழுக்காடு. சமூக எதிர்ப்பாற்றல் என்று சொல்லப்படுவது இந்த நிலையைத்தான். எந்த ஊசியும் நூற்றுக்கு நூறு பலிப்பதில்லை என்பதால், நடைமுறையில் 95 விழுக்காட்டுக்குக் குறையாமல் இரண்டு தவணையும் போட்டிருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் வலியுறுத்துகிறது. ஒன்பது மாதத்தில் போடும் முதல் தவணை ஏறத்தாழ 85 விழுக்காட்டுக் குழந்தைகளுக்குப் பலிக்கிறது. இரண்டாம் தவணையும் முடிந்தால் அது 97 ஆகிறது. இரண்டாம் தவணை முக்கியமாக, முதல் தவணை பிடிக்காமல் போன குழந்தைகளுக்காகவே போடப்படுகிறது. ஒருவருக்குப் பிடித்ததா இல்லையா என்று வெளியிலிருந்து தெரியாது என்பதால் எல்லோருக்கும் போடுகிறோம்.

எல்லாத் தடுப்பூசிகளுக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது. இரணஜன்னி (டெட்டனஸ்) மண்ணிலிருந்து காயத்தின் வழியே வருகிறது. ஊரில் அத்தனை பேரும் அதற்கு ஊசி போட்டிருந்தாலும், போடாதவரின் காலில் ஆணி குத்தினால் அவருக்கு எந்தக் காப்பும் இல்லை. ஆளுக்கு ஆள் தாவும் நோய்களில்தான் அடுத்தவர் போட்ட ஊசி நம்மையும் காக்கும், நாம் போடாத ஊசி அடுத்தவரையும் தாக்கும்.

“ஊசி போட்டுக்கொண்டவர்கள் ஏன் பயப்பட வேண்டும்” என்பதற்கும் இங்கேயே விடை இருக்கிறது. 600 பிள்ளைகள் படிக்கும் ஒரு பள்ளியைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். 570 பேருக்கு இரண்டு தவணையும் போட்டிருக்கிறது. 30 பேருக்குப் போடவில்லை. போட்ட 570 பேரிலும் மூன்று விழுக்காட்டினருக்கு, அதாவது ஏறத்தாழ 17 பேருக்கு, ஊசி பிடித்திருக்காது. தட்டம்மை அந்தப் பள்ளிக்குள் புகுந்து, அகப்படக்கூடிய அத்தனை பேரையும் பிடித்துவிட்டால் நோயுற்றவர்கள் 47 பேர். அவர்களில் 17 பேர், மூன்றில் ஒரு பங்குக்கு மேல், ஊசி போட்டவர்கள். மறுநாளே “ஊசி போட்டவர்களுக்கும் அம்மை வந்துவிட்டது, இதனால் பயனில்லை” என்ற செய்தி ஊரெல்லாம் சுற்றும். செய்தியில் உள்ள எண் பொய்யில்லை. ஆனால் போட்ட 570 பேரில் 17 பேருக்கு வந்திருக்கிறது, போடாத 30 பேரில் 30 பேருக்கும் வந்திருக்கிறது என்ற பாதி அதில் விடுபட்டிருக்கும். நான் பார்த்தவரை, படித்த குடும்பங்களை மிக அதிகமாகக் குழப்பும் புள்ளிவிவரம் இதுதான். போடாத 30 பேர் இன்னும் பத்துப் பேராகக் குறைந்திருந்தால் நோய் அந்தப் பள்ளிக்குள் தொடர்ந்து ஓடவே வழி கிடைக்காமல் போயிருக்கலாம். அந்த 17 பேரும் தப்பியிருப்பார்கள்.

இன்னொன்று, மாவட்டச் சராசரி 95 என்று இருப்பதால் மட்டும் நிம்மதி அடைய முடியாது. தயங்குபவர்கள் ஊரெங்கும் சமமாகச் சிதறிக் கிடப்பதில்லை. ஒரே தெரு, ஒரே பள்ளி, ஒரே வழிபாட்டுக் கூட்டம், ஒரே வாட்ஸப் குழு என்று அவர்கள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிறார்கள். 2025இல் அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் தட்டம்மை வெடித்தபோது அதன் மையம், ஊசி போடாத குடும்பங்கள் நெருங்கி வாழ்ந்த கெய்ன்ஸ் என்ற ஒரு மாவட்டம். அங்கே பரவிய நோயில் இரண்டு சிறுமிகள் இறந்தார்கள். “அக்கம்பக்கத்தில் எல்லோரும் போட்டாயிற்று” என்பது உங்கள் தெருவில் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் உங்களைப் போலவே கணக்குப் போட்டு விட்டுவிட்ட குடும்பங்கள் அதை அடுத்த வீட்டில் சொல்வதில்லை.

இவ்வளவும் ஏட்டுக் கணக்கு. இந்தக் கணக்கு ஒரு நாட்டில் அப்படியே நடந்ததைச் சொல்கிறேன்.

பசிபிக் பெருங்கடலில் உள்ள சமோவா, ஏறத்தாழ இரண்டு லட்சம் மக்கள் வாழும் தீவு நாடு. 2018 ஜூலை 6ஆம் தேதி, அங்குள்ள சவாயீ தீவின் மருத்துவமனை ஒன்றில் தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ரூபெல்லா மூன்றுக்குமான எம்.எம்.ஆர். ஊசி போடப்பட்ட ஒரு வயதுக் குழந்தைகள் இருவர் இறந்துபோனார்கள். இந்தத் தடுப்பு மருந்து பொடியாகவே வரும். உடன் வரும் தூய நீரில் அதைக் கலந்துதான் ஊசியில் ஏற்ற வேண்டும். நீருக்குப் பதிலாக, மயக்க மருத்துவத்தில் தசைகளைத் தளர்த்தப் பயன்படும் மருந்து ஒன்றைச் செவிலியர்கள் கலந்துவிட்டார்கள் என்பது பின்னர் விசாரணையில் தெரியவந்தது. மூச்சு விடும் தசைகளையே செயலிழக்கச் செய்யும் மருந்து அது. தடுப்பு மருந்தில் எந்தப் பழுதும் இல்லை. தவறு செய்த இரு செவிலியர்களும் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். 2019 ஆகஸ்டில் அவர்களுக்கு ஐந்தாண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

ஆனால் இறப்புக்கும் தீர்ப்புக்கும் இடையில் ஓராண்டுக்கு மேல் ஓடிவிட்டது. அரசு அந்த ஊசியை நாடு முழுவதும் நிறுத்தி வைத்தது; பல மாதங்கள் கழித்து 2019இல்தான் மீண்டும் தொடங்கியது. இடைப்பட்ட காலத்தில் என்ன நடந்தது என்று மக்களுக்குத் தெளிவாகச் சொல்ல ஆளில்லாதபோது, சொல்ல வேறு ஆட்கள் வந்தார்கள். வெளிநாட்டுத் தடுப்பூசி எதிர்ப்பாளர்கள் அந்த இரு குழந்தைகளின் சாவைத் தங்கள் வாதத்துக்குச் சான்றாக்கிக்கொண்டார்கள். சமோவாவில் ஊசி போடும் வழக்கம் அதற்கு முன்பே சீராக இருந்ததில்லை. 2018இல் தட்டம்மைக்கு எதிராக ஒரு தவணையேனும் பெற்ற குழந்தைகள் 31 விழுக்காடு என்று உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் மதிப்பிட்டன. நான் மேலே சொன்ன 95 எங்கே, இந்த 31 எங்கே?

2019இல் நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில் தட்டம்மை பரவிக்கொண்டிருந்தது. சமோவாவுக்கும் ஆக்லாந்துக்கும் இடையே குடும்பங்கள் விமானத்தில் போய்வந்துகொண்டே இருப்பவை. நோய் வந்து சேர்ந்தது. நவம்பர் 15ஆம் தேதி நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது; பள்ளிகள் மூடப்பட்டன; குழந்தைகள் பொது இடங்களில் கூடத் தடை விதிக்கப்பட்டது. டிசம்பர் 5, 6 ஆகிய இரு நாட்கள் அலுவலகங்களும் கடைகளும் அடைக்கப்பட்டு, எல்லோரும் வீட்டிலேயே இருக்கும்படி சொல்லப்பட்டது. ஊசி போடாதவர் இருக்கும் வீட்டின் முன் சிவப்புத் துணி கட்ட வேண்டும் என்பது ஆணை. மருத்துவக் குழுக்கள் அந்தச் சிவப்பைத் தேடி வீடு வீடாகச் சென்றன. ஆண்டு முடிவதற்குள் ஏறத்தாழ 95 விழுக்காட்டினர் ஊசி போட்டுக்கொண்டார்கள். அதற்குள் 5,700க்கும் மேற்பட்டோருக்கு நோய் வந்து, 83 பேர் இறந்திருந்தார்கள். இறந்தவர்களில் பெரும்பாலோர் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள். 83 என்பது சிறிய எண்ணாகத் தோன்றினால், அதே விகிதத்தை 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுக்குப் பொருத்திப் பாருங்கள்: ஏறத்தாழ 30,000 சாவுகள், சில வாரங்களுக்குள்.

இதே பருவத்தில் இதே வைரஸ் பக்கத்துத் தீவுகளான டோங்கா, பிஜி, அமெரிக்க சமோவா ஆகியவற்றுக்கும் போனது. அங்கே பெரும்பாலான குழந்தைகள் ஊசி போட்டிருந்தார்கள். டோங்காவில் நூற்றுக்கணக்கானோருக்கு நோய் வந்தும், இந்த மூன்று இடங்களிலும் ஒருவர்கூட இறக்கவில்லை. ஒரே கடல், ஒத்த வாழ்க்கைமுறை, ஒரே நோய். எந்த ஆராய்ச்சியாளரும் இப்படி ஒரு சோதனையை வேண்டுமென்று நடத்த மாட்டார்; வரலாறு அதை நடத்திக் காட்டிவிட்டது.

சமோவாவின் கதையை எடுத்துக்கொண்டதற்கு எனக்கு இன்னொரு காரணமும் உண்டு. உங்கள் உறவினர் அனுப்பிய செய்தியைப் போன்ற ஒன்று நம் மண்ணிலும் உண்மையாகவே நடந்திருக்கிறது. 2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசி போடப்பட்ட நான்கு குழந்தைகள் இறந்தன. அதுவரை கிராம சுகாதாரச் செவிலியர்கள் ஊருக்குள்ளேயே வந்து அங்கன்வாடியில் ஊசி போட்டுவந்தார்கள். அந்த நிகழ்வுக்குப் பிறகு, மருத்துவர் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்தில்தான் ஊசி என்று அரசு மாற்றியது. பாதுகாப்பு கருதி எடுத்த முடிவு அது. அதைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் கூலி வேலைக்குப் போகும் தாய்க்கு, தெருமுனையில் கிடைத்த ஊசி ஒரு நாள் கூலியை விட்டுப் பேருந்தேறிப் போக வேண்டிய ஊசியாகிவிட்டது. அச்சமும் அலைச்சலும் சேர்ந்துகொண்டன. தேசிய குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் எல்லா அடிப்படைத் தடுப்பூசிகளையும் பெற்ற குழந்தைகள் 2005-06இல் 81 விழுக்காடு, 2015-16இல் 70. இந்தச் சரிவுக்கு அந்த நிகழ்வு ஒன்றே காரணம் என்று சொல்லிவிட முடியாது. அதற்கும் பங்குண்டு என்பதில் எனக்கு ஐயமில்லை. 2019-21 ஆய்வில் அது 89ஆக ஏறியது. பத்தாண்டுகளில் இழந்ததை மீட்க எத்தனை செவிலியர்களின் கால்கள் தேய்ந்தன என்பதை எந்த ஆய்வும் எண்ணுவதில்லை.

இலங்கையிலும் அதே காலத்தில் ஒரு சோதனை வந்தது. 2008 தொடக்கத்தில் அங்கே அறிமுகமான ஐந்து நோய்களுக்கான கூட்டுத் தடுப்பூசியைப் பெற்ற குழந்தைகளில் சிலர் இறந்ததாகச் செய்திகள் வந்தன. 2009 ஏப்ரலில் இன்னொரு இறப்பு நேர்ந்ததும் அரசு அந்தக் கூட்டு ஊசியை நிறுத்தியது. ஆனால் குழந்தைகளை வெறுங்கையோடு விடவில்லை. முன்பு வழக்கத்திலிருந்த முத்தடுப்பு ஊசியையும் மஞ்சள்காமாலை பி ஊசியையும் தனித்தனியே தொடர்ந்து போட்டார்கள். உள்நாட்டு, வெளிநாட்டு வல்லுநர்கள் தனித்து நின்று விசாரித்து முடித்த பிறகு 2010இல் கூட்டு ஊசி திரும்ப வந்தது. ஐயம் எழுந்தால் நிறுத்துவதில் தவறில்லை. நிறுத்தும் நாளிலேயே மாற்று என்ன, விசாரிப்பவர் யார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். சமோவாவில் தவறியது இதுதான் என்று நான் கருதுகிறேன்.

ஆகவே தயங்கும் பெற்றோரை அறியாதவர்கள் என்று ஒதுக்குவதை நான் ஏற்பதில்லை. சமோவாவின் தாய்மார்கள் ஒரு கற்பனைக்கு அஞ்சவில்லை. இரண்டு குழந்தைகள் இறந்ததைக் கண்டு அஞ்சினார்கள். பொய்யையே மூலதனமாகக் கொண்ட அச்சங்களும் உண்டு என்பது வேறு. 1998இல் லண்டன் மருத்துவர் ஆண்ட்ரூ வேக்ஃபீல்டு, வெறும் 12 குழந்தைகளை வைத்து எழுதிய கட்டுரையில் எம்.எம்.ஆர். ஊசியை ஆட்டிசத்தோடு தொடர்புபடுத்தினார். அதில் முறைகேடுகள் இருந்ததை அறிந்து, அதை வெளியிட்ட லான்செட் மருத்துவ இதழ் 2010இல் அக்கட்டுரையைத் திரும்பப் பெற்றது. அவர் மருத்துவப் பதிவேட்டிலிருந்தும் நீக்கப்பட்டார். 2019இல் டென்மார்க்கில் ஆறரை லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளை ஆராய்ந்து அப்படியொரு தொடர்பு இல்லை என்று மீண்டும் உறுதிசெய்தார்கள். இருந்தும் அந்தப் பொய் இன்றும் கைபேசிகளில் உலவுகிறது.

2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் ஒன்பது மாதம் முதல் 15 வயது வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் தட்டம்மை-ரூபெல்லா ஊசி போடும் முகாம் நடந்தபோது, மலட்டுத்தன்மை வரும், பக்கவாதம் வரும் என்று வாட்ஸப் செய்திகள் பறந்தன. பல பள்ளிகளில் பெற்றோர் ஒப்புதல் தர மறுத்ததால் முகாமின் காலத்தையே நீட்டிக்க வேண்டியதாயிற்று. ரூபெல்லா குழந்தைக்கு வந்தால் லேசான காய்ச்சலோடு போய்விடும்; கருவுற்ற முதல் மூன்று மாதங்களில் ஒரு பெண்ணுக்கு வந்தால் கருச்சிதைவு ஏற்படலாம், அல்லது பிறக்கும் குழந்தை காது கேளாமலும் கண்ணில் புரையோடும் இதயக் கோளாறோடும் பிறக்கலாம். பையன்களுக்கு இது எதற்கு என்று அன்று பலர் கேட்டார்கள். வகுப்பிலிருந்து நோயை வாங்கிவந்து கர்ப்பிணியான அத்தைக்கோ டீச்சருக்கோ கொடுப்பது பையனாகவும் இருக்கலாம் அல்லவா? வருங்காலத்தில் பிறக்கப்போகும் குழந்தைக்காக இன்றைய ஐந்தாம் வகுப்பு மாணவன் போட்டுக்கொள்ளும் ஊசி அது.

“நோய் இயற்கையாக வந்துபோனால் எதிர்ப்பாற்றல் இன்னும் வலுவாக இருக்குமே” என்று சிலர் கேட்பதுண்டு. தட்டம்மைக்கு எதிராக மட்டும் அது உண்மை. ஆனால் பிற நோய்களுக்கு எதிராக உடல் அதுவரை சேர்த்துவைத்திருந்த எதிர்ப்பொருள்களில் கணிசமான பகுதியைத் தட்டம்மை அழித்துவிடுகிறது என்பது 2019இல் வெளியான ஆய்வுகளில் தெரியவந்தது. அம்மை இறங்கிய பிள்ளைகள் அடுத்த ஓரிரு ஆண்டுகள் அடிக்கடி நோய்வாய்ப்படுவதற்கு இது ஒரு காரணம். நோயுற்றவர்களில் இருபதில் ஒரு குழந்தைக்கு நிமோனியா வரலாம். ஆயிரத்தில் ஒருவருக்கு மூளை அழற்சி வரலாம். அம்மை கண்ட வீட்டில் வேப்பிலை செருகி, வெளியார் வராமல் பார்த்துக்கொள்ளும் நம் வழக்கத்தில் நோயைப் பரப்பாதிருக்கும் நல்லறிவு இருக்கிறது. ஆனால் தடிப்பு கண்டு வேப்பிலை செருகும்போது பரவத் தொடங்கி நான்கு நாட்கள் ஆகியிருக்கும். மூச்சு வாங்கும் குழந்தையை மருத்துவமனைக்குக் கொண்டுபோகாமலிருக்க அந்த வழக்கம் ஒருபோதும் காரணமாகிவிடக் கூடாது. தட்டம்மை வந்த குழந்தைக்கு மருத்துவர் மேற்பார்வையில் வைட்டமின் ஏ கொடுப்பது சிக்கல்களைக் குறைக்கும். அது ஊசிக்கு மாற்றாகாது.

ஊசிக்கு விளைவே இல்லை என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள். உங்கள் மகளுக்கு மூன்றரை மாதத்தில் வந்த காய்ச்சல் பெரும்பாலும் கூட்டு ஊசியில் உள்ள கக்குவான் இருமல் பகுதியால் வந்தது. ஓரிரு நாளில் அது தணிந்துவிடும். தட்டம்மை-ரூபெல்லா ஊசியின் காய்ச்சல் அப்படி உடனே வராது. வரும் குழந்தைகளுக்கு ஒரு வாரம் கழித்து வரும். சிலருக்கு லேசான தடிப்பும் இருக்கும். மூவாயிரம் தவணைகளுக்கு ஒன்று என்ற அளவில் காய்ச்சல் வலிப்பு வரலாம். பார்க்கப் பயமாக இருந்தாலும் அது மூளைக்குக் கெடுதல் செய்வதில்லை. கடும் ஒவ்வாமை பத்து லட்சத்தில் ஒருவர் என்ற அளவுக்கு அரிது. வந்தால் பெரும்பாலும் சில நிமிடங்களிலேயே வெளிப்படும். ஊசி போட்டபின் அரை மணி நேரம் அங்கேயே உட்காரச் சொல்வது அதற்காகத்தான்.

இதையெல்லாம் முன்கூட்டியே சொல்வதில்தான் நம்பிக்கை பிறக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையம் ஒன்றில் ஒரு புதன்கிழமை நான் கேட்ட உரையாடல் இது.

“நர்ஸம்மா, போன ஊசிக்கே ரெண்டு நாள் காய்ச்சல். அத்தை இந்தத் தடவை வேண்டாம்னுட்டாங்க.”

“காய்ச்சல் வந்தப்ப பாப்பா பால் குடிச்சுதா? யாரையாவது கேட்டியாம்மா?”

“நடு ராத்திரியில யாரைக் கேக்கறது?”

“இந்தா, என் நம்பரை எழுதிக்கோ. இந்த ஊசிக்கு இன்னைக்குக் காய்ச்சல் வராது, ஒரு வாரம் கழிச்சு வந்தாலும் வரும். எந்நேரமானாலும் கூப்பிடு. அத்தை வீட்டுல இருக்காங்களா? நானே பேசுறேன்.”

மூன்று நிமிடம்கூட ஆகியிருக்காது. மாமியாரோடு பேசி முடித்ததும் குழந்தைக்கு ஊசி போடப்பட்டது. உத்தரப் பிரதேசத்தில் போலியோ சொட்டு மருந்தால் மலட்டுத்தன்மை வரும் என்ற வதந்தி ஆண்டுக்கணக்கில் நிலவியபோதும், அதை உடைத்தவர்கள் இத்தகைய களப்பணியாளர்களும், பள்ளிவாசல்களில் பேசிய இமாம்களும், அதே தெருவில் வாழும் பெண்களுமே. 2011 ஜனவரி 13ஆம் தேதி மேற்கு வங்கத்தின் ஹவுராவில் ஒரு சிறுமிக்கு வந்ததுதான் இந்தியாவில் கடைசியாகப் பதிவான இயற்கைப் போலியோ வைரஸ் நோய்.

உங்கள் மகளை அழைத்துக்கொண்டு போகும்போது தாய் சேய் நல அட்டையை எடுத்துச் செல்லுங்கள். மருந்துக் குப்பியைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை, நல்ல செவிலியர் அதற்குக் கோபப்பட மாட்டார். குப்பியின் மேல் ஒரு வட்டமும் அதற்குள் சிறு சதுரமும் இருக்கும். சதுரம் வட்டத்தைவிட வெளிறியிருந்தால், மருந்து தயாரான நாள் முதல் அளவுக்கு மீறிய வெப்பம் படாமல் வந்திருக்கிறது என்று பொருள். பொடியோடு கலக்கும் நீர் அதே நிறுவனம் உடன் அனுப்பியதுதானா, கலந்த நேரம் குப்பியில் எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். கலந்து நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தால் அதைப் பயன்படுத்தக் கூடாது. ஊசிக்குழல் உங்கள் கண்முன் உறை பிரிக்கப்பட வேண்டும். இரண்டாம் தவணை 16 முதல் 24 மாதத்துக்குள். இடையில் ஊர் மாறினாலும் எந்த அரசு நிலையத்திலும் போட்டுக்கொள்ளலாம். நாள் தவறிவிட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை, ஐந்து வயது வரை விடுபட்ட தவணையை அங்கேயே போடுவார்கள். முந்தைய ஊசிக்குக் காய்ச்சல் வந்ததையும், அவளுக்கு ஏதேனும் மருந்து ஒத்துக்கொள்ளாமல் போயிருந்தால் அதையும், இப்போது வேறு சிகிச்சை நடந்துகொண்டிருந்தால் அதையும் ஊசி போடுவதற்கு முன்பே செவிலியரிடம் சொல்லிவிடுங்கள்.